வணிக ஆங்கிலம்: ‘கன்சாலிடேட்டட்’ என்னும் சொல்

நமது உறுப்பினர்களின் மேசைக்கு வரும் காகிதங்களில் ‘கன்சாலிடேட்டட்’ என்னும் சொல் அடிக்கடி தென்படுகிறது. ‘எல்லாம் ஒன்றாகிவிட்டது, இனித் தனித்தனியாகப் பார்க்க வேண்டியதில்லை’ என்று பலர் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அப்படிக் கொண்டால் நஷ்டம் கடைக்காரருக்கே.

இச்சொல்லுக்குள் ‘சாலிட்’ இருப்பதைக் கவனிக்கவும். சிதறிக் கிடப்பவற்றைச் சேர்த்துத் திடமாக்குவதே இதன் மூலப்பொருள். தமிழில் ‘தொகுத்த’ என்பது நன்கு பொருந்தும். அரசுப் பணிகளில் வழங்கும் ‘தொகுப்பூதியம்’ இச்சொல்லின் தமிழாக்கமே.

‘மெர்ஜ்டு’ என்பது வேறு. 2011-இல் திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. அந்த நகராட்சிகள் இன்று இல்லை. அது மெர்ஜ்டு. நம் வணிகக் காகிதங்களில் வரும் கன்சாலிடேட்டடில் உறுப்புகள் மறைவதில்லை. மேலே ஒரு கட்டு மட்டும் போடப்படுகிறது.

மளிகைக் கடைக்கு முக்கியமானது ‘கன்சாலிடேட்டட் டாக்ஸ் இன்வாய்ஸ்’. ஜி.எஸ்.டி. சட்டப்படி, 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்குத் தனி வரிப் பில் போடாமல், அன்றைய வியாபாரம் முடிந்ததும் அவற்றைத் தொகுத்து ஒரே பில்லாகப் போடலாம். வாங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவு பெறாதவராகவும், பில் கேட்காதவராகவும் இருக்க வேண்டும். ஐந்து ரூபாய்ப் பொருளுக்கும் அவர் பில் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். டீக்கடைக்காரர் 900 ரூபாய்க்குச் சர்க்கரை எடுத்துச் சென்றதை இரவில் இந்தத் தொகுப்பில் தள்ளுவது தவறு. அதற்குத் தனி பில் வேண்டும். கல்லாவில் உள்ள மொத்தத் தொகையை அப்படியே ஒரு வரியில் எழுதிவிடுவதும் கூடாது. சர்க்கரைக்கு வரி 5 சதவீதம், சலவைத் தூளுக்கு 18 சதவீதம், மூட்டை பிரித்துச் சில்லறையாக நிறுத்துத் தரும் பருப்புக்கு வரியே இல்லை. இவற்றைப் பிரித்துக் காட்டாத தொகுப்பு, கணக்கு கேட்கும்போது உதவாது. வேலை மிச்சம் என்று இதை நாடுவோர், பகலில் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வருவது நல்லது என்பது நம் எண்ணம்.

மொத்த வியாபாரிகள் காண்பது ‘கன்சாலிடேட்டட் இ-வே பில்’. ஒரே லாரியில் பலருடைய சரக்கு ஏறும்போது, லாரிக்காரர் எல்லா இ-வே பில்களையும் சேர்த்து ஒன்றாக எடுக்கிறார். டிரிப் ஷீட் போன்றது இது. இதற்கென்று தனிக் காலக்கெடு கிடையாது. உங்கள் சரக்குக்கான இ-வே பில்லின் கெடு முடிந்தால் முடிந்ததுதான். தொகுப்பு பில் புதிதாக இருப்பது காப்பாற்றாது.

துறைமுகப் பக்கம் ‘கன்சாலிடேட்டட் கார்கோ’ என்பார்கள். ஒரு பெட்டி நிரம்பாத அளவுக்குப் பேரீச்சம்பழம் தருவிப்பவர், மற்றவர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் அனுப்பச் சொல்கிறார். பெட்டி முழுவதற்கும் ‘மாஸ்டர்’ பில் ஆஃப் லேடிங் ஒன்று. அவரவர் சரக்குக்கு ‘ஹவுஸ்’ பில் ஆஃப் லேடிங் ஒன்று. சுங்கத்தில் உங்கள் பெயருக்குக் கணக்காவது ஹவுஸ் பில்லில் உள்ள சரக்கு. மூட்டை எண்ணிக்கை, எடை, பெயரின் எழுத்து ஆகியவற்றை அதில்தான் சரிபார்க்க வேண்டும். சரக்கு கப்பலேறும் முன்பே அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடவும்.