சட்டைப் பொத்தானில் கண்ணாடி

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது, மின்சாரம் பிறக்கிறது. விழாக்களுக்குக் கோட்டு அணிபவர்கள், சட்டைக் கையின் முனையில் ‘கஃப்லிங்க்’ என்னும் வண்ணப் பொத்தானை மாட்டிக்கொள்கிறார்கள். இந்த இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? உண்டு. அதுதான் எனாமல்.

நிலக்கரியில் சிறிது கந்தகம் இருக்கிறது. அது எரிந்து உண்டாகும் வாயுவில் ஒரு பகுதி, புகை குளிரும் இடத்தில் நீராவியுடன் சேர்ந்து கந்தக அமிலமாகும். அமிலம் இரும்பை அரிக்கும். ஆகவே, வெளியேறும் புகையின் வெப்பத்தால் காற்றைச் சூடாக்கும் கருவியில், குளிர்ந்த பக்கத்து எஃகுத் தகடுகளுக்கு எனாமல் பூசுவது அனல்மின் நிலையங்களில் கையாளப்படும் ஒரு முறை. எனாமல் என்பது கண்ணாடியே! கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்ட் வேறு.

நல்ல கஃப்லிங்கின் வண்ணமும் கண்ணாடிதான். கண்ணாடித் தூளை உலோகத்தின் மேல் பரப்பி, சூளையில் ஏறத்தாழ 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். தூள் உருகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். கோபால்ட் ஆக்சைடு சேர்த்தால் நீலம் கிடைக்கும். ஜெய்ப்பூரின் மீனாகாரி நகைகளும் இப்படிச் சுட்டவையே.

கடையில் ‘எனாமல்’ என்று சொல்லி விற்பவற்றில் பல, வண்ணப் பிசினை ஊற்றிக் கெட்டியாக்கியவை. பிசின் எளிதில் கீறல் விழும். கண்ணாடிக்கான விலையைக் கொடுத்துப் பிசினை வாங்கலாமா? கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: அடியில் உள்ள உலோகம் எது?

செம்பின் உருகுநிலை 1085 டிகிரி. வெள்ளியின் உருகுநிலை 962 டிகிரி. இவை சூளையைத் தாங்கும். மலிவான பொத்தான்களை வார்க்கும் துத்தநாகக் கலவை 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அதன் மேல் கண்ணாடியைச் சுடவே முடியாது. ஆகவே, துத்தநாகக் கலவையில் உள்ள வண்ணம் சுட்ட எனாமல் அல்ல. செம்பு என்று சொன்னாலும், “சூளையில் சுட்டதா?” என்று கேட்பது நல்லது, செம்பின் மேலும் பிசினை ஊற்றலாம் அல்லவா?

சுட்ட எனாமல் எல்லாமே உறுதியானதா? இல்லை. ஒரு மீட்டர் நீளச் செம்புக் கம்பியை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் சுமார் 1.7 மில்லிமீட்டர் நீளும். சன்னல் கண்ணாடி சுமார் 0.9 மில்லிமீட்டர்தான் நீளும். குளிரும்போது சுருக்கமும் இப்படியே வேறுபடும். வேறுபாடு மிகுந்தால் எனாமல் பெயர்ந்து விழும். உலோகத்தைவிடக் கண்ணாடி அதிகம் சுருங்கினாலோ, இழுபட்டு வெடிக்கும். உலோகம் சற்றே கூடுதலாகச் சுருங்குமாறு கண்ணாடியின் கலவையை அமைப்பதே திறமை. அப்போது கண்ணாடி அழுத்தத்தில் இருக்கும். கண்ணாடி இழுப்பைத் தாங்காது. அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்.

ஆகவே வாங்குமுன், பொத்தானை வெளிச்சத்தில் சாய்த்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மயிரிழை விரிசல், ஊசிமுனைக் குழி, ஓரத்தில் இடைவெளி இருந்தால் வேண்டாம். பின்பக்கத்து நிலைத்தண்டு ஆடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டில் ஓரம் பெயர்ந்த பழைய எனாமல் குவளை இருக்கிறதா? உடைந்த இடத்தைத் தொடாமல், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். துரு எங்கே பிடித்திருக்கிறது? எனாமல் இருக்கும் இடத்தில் ஏன் பிடிக்கவில்லை?