கல்வெட்டைத் தேட எந்த மொழி?

கேள்வி: 1929இல் வெளியான புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுப்பை எக்ஸ்எம்எல்லில் ஏற்றி வருகிறேன். தேடுவதற்கு எஸ்கியூஎல் போதுமா?
– வாசகர், வல்லத்திராக்கோட்டை

பதில்: ஊர், அரசர், ஆட்சியாண்டு மட்டும் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் கல்வெட்டு வாசகம் அட்டவணைக்குள் அடங்காது. வரிக்குள் சிதைந்த பகுதி, அதற்குள் பதிப்பாசிரியரின் ஊகம், அதிலே ஓர் ஊர்ப்பெயர் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். கல்வெட்டு ஆய்வாளர்களின் எபிடாக் குறியீட்டு முறையும் இப்படித்தான். ‘சிதைந்த பகுதிகளில் வரும் ஊர்ப்பெயர்கள்’ என்று கேட்டால், 1999 முதல் புழங்கும் எக்ஸ்பாத் என்ற எக்ஸ்எம்எல் வினவல் மொழி ஒரே வரியில் எடுத்துத் தரும். பல கோப்புகளைச் சேர்த்து அரசர்வாரியாக அடுக்க எக்ஸ்கியூரி வேண்டும். எக்ஸ்பாத் அதற்குள்ளேயே அடக்கம். இவ்விரண்டையும் இயக்கும் பேஸ்எக்ஸ் தரவுத்தளம் இலவசம், அதில் தொடங்குங்கள். மெய்யான தலைவலி வேற்றுமை உருபுகள்: ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்துக்கு’ சிக்காது. குறியிடும்போதே வேர்ச்சொல்லையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.