‘வருகலாமோ’ எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரு பாட்டுச் சண்டை. மார்கழி பிறந்தால் என் மாமனார் ‘வருகலாமோ’ பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். முடிவதற்குள் கண் கலங்கிவிடும். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, “உள்ள வர்றதுக்கு எதுக்கு தாத்தா இந்தக் கெஞ்சு கெஞ்சணும்? நிறுத்துங்க” என்று எழுந்து போய்விடுவான். இது நந்தனாரே பாடியதா? எப்போது வந்த பாட்டு?
– வாசகி, செம்மங்குப்பம்

பதில்: தீண்டாமையால் கோயிலுக்கு வெளியே நின்ற சிவனடியார் நந்தனார் பாடியதில்லை இது. அவர் காலத்துக்கும் இந்தப் பாட்டுக்கும் நடுவே ஆயிரம் வருஷத்துக்கு மேல் கிடக்கிறது. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் நந்தனாரை ‘திருநாளைப்போவார்’ என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறார். நம்பியாண்டார் நம்பி அவருக்கு ஒரு பாட்டு ஒதுக்கினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் பெரியபுராணத்தில் அதைக் கதையாக விரித்தார். அதுவும் நாற்பது பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

‘வருகலாமோ’வை எழுதியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 1811 வாக்கில் நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்தவர். முடிகொண்டான், ஆனைதாண்டவபுரம், மாயவரம் என்று காவிரிக்கரை ஊர்களிலேயே வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவிடைமருதூரில் ராமதாஸ் என்ற வடநாட்டு வித்துவானிடம் இந்துஸ்தானி இசை கற்றார். கர்நாடக இசையும் கையிருப்பில் இருந்தது. களத்துமேட்டு மெட்டும் காதில் இருந்தது. மூன்றையும் கலந்து ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யைக் கட்டினார். அதில் கீர்த்தனையும் இருக்கும், நொண்டிச் சிந்தும் இருக்கும், இருசொல் அலங்காரமும் இருக்கும். நாகப்பட்டினத்தில் இதைக் கதையாகச் சொல்லிப் பாடினார். கூட்டம் அள்ளிக்கொண்டு போயிற்று. காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி கேட்டு மயங்கி, அதை அச்சேற்ற உதவினார். 1860களின் தொடக்கத்தில் புத்தகம் வந்தது. உங்கள் மாமனாரை அழவைக்கும் பாட்டுக்கு வயது நூற்று அறுபது சொச்சம்.

வந்த நாளிலேயே சண்டையும் கூட வந்தது. மாயவரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சாற்றுக்கவி வாங்கப் போனார் பாரதியார். பிள்ளைக்கு நூல் பிடிக்கவில்லை. இலக்கணப் பிழைகள், கொச்சை மொழி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரியபுராணத்தை விட்டு விலகிய கதை. முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராமல் போக்குக் காட்டினார். பாரதியார் விடவில்லை; திரும்பத் திரும்ப வந்தார். ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து தம் பாட்டுகளைத் தமக்குத் தாமே பாடிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பிள்ளைக்குக் கேட்கக் கேட்க நெஞ்சு இளகி, வெளியே வந்து சாற்றுக்கவி கொடுத்தார் என்று உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். சாமிநாதையர் பிள்ளையின் மாணவர். பாரதியாரிடம் கொஞ்ச காலம் சங்கீதமும் கற்றவர். பிள்ளைக்கு அது தெரிந்து, பிடிக்காமல் போகவே பாட்டு வகுப்பு நின்றது. ஆக, இந்தப் பாட்டுகளின் முதல் எதிரியே காதால் தோற்றவர்தான்.

கேள்வி: நந்தனார் கதையில் வரும் நாற்பது வேலி நடவு, வேதியர் எல்லாம் பெரியபுராணத்தில் இல்லவே இல்லை என்கிறாரே எங்கள் தமிழாசிரியர்?
– வாசகர், சிதம்பரம்

பதில்: ஆசிரியர் சொல்வது சரி. சேக்கிழாரின் நந்தனார் கொள்ளிடக்கரை ஆதனூரில் இருக்கிறார். கோயில் பேரிகைக்குத் தோல், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை என்று கொடுத்துத் தொண்டு செய்கிறார். திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. தில்லைக்கு ‘நாளைப் போவேன்’ என்று பல நாள் தள்ளிப்போட்டு, ஒருநாள் போய் எல்லையில் நின்று ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கனவில் இறைவன் தீயில் மூழ்கி வரச் சொல்கிறார். தில்லைவாழ் அந்தணர்கள் தெற்கு வாயிலுக்கு வெளியே தீக்குழி அமைக்கிறார்கள். நந்தனார் முழுகி, பூணூலும் முனிவர் வேடமுமாக எழுகிறார். ஆண்டையும் கிடையாது, வயலும் கிடையாது. அவரைத் தடுத்தது அவர் மனத்துக்குள்ளேயே இருந்த தயக்கம்.

பாரதியார் இதைத் தலைகீழாகப் புரட்டினார். நந்தனைப் பண்ணையாளாக்கி, அவன் தலைமேல் ஒரு வேதியரை உட்கார வைத்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டால், நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். சிவனுடைய ஆட்கள் ஒரே ராத்திரியில் விளைவித்துக் கொடுத்தால்தான் உண்டு.

பக்திக்காக அவர் சேர்த்த ஜோடனை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரதியார் கண்ணெதிரே இருந்தது தஞ்சாவூர்ச் சீமையின் பண்ணையாள் வாழ்க்கை. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்றது. ஆனால் சட்டம் வயலுக்குள் இறங்கவில்லை. பண்ணையாள் நல்லது கெட்டது எதற்கும் ஆண்டையிடம் நின்றுதான் ஆகவேண்டும். சேக்கிழாரிடம் இல்லாத அந்த நடவு வயலைப் பாரதியார் தம் காலத்திலிருந்து எடுத்து வைத்தார். அவர் அந்தணர்; அவரைப் புரட்சிக்காரர் என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. கடைசியில் அவரும் நந்தனைத் தீயில் இறக்கித்தான் உள்ளே அனுப்புகிறார். ஆனாலும், கோயிலுக்குப் போக ஒரு கூலியாள் முதலாளியிடம் லீவு கேட்டு நிற்கும் காட்சியை அவருக்கு முன்னால் தமிழில் யாரும் இவ்வளவு விரிவாக மேடையேற்றவில்லை என்றே நினைக்கிறேன்.

செம்மங்குப்பம் வாசகிக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. பாரதியாரின் நந்தன் இரண்டு பேரிடம் அனுமதி கேட்கிறான். ஊரில் ஆண்டையிடம், தில்லை எல்லையில் ஆண்டவனிடம். இரண்டு இடத்திலும் ஒரே பணிவு, ஒரே தழுதழுப்பு. ‘வருகலாமோ’ இரண்டாவது இடத்துப் பாட்டு. உங்கள் மாமனார் காதில் விழுவது ஆண்டவனிடம் கேட்கும் குரல். மகன் காதில் விழுவது ஆண்டையிடம் கேட்ட குரல். பாட்டில் இரண்டுமே இருக்கின்றன. இருவர் காதிலும் கோளாறில்லை.

கேள்வி: பல்லாயிரம் பக்திப் பாட்டு இருக்க, இது மட்டும் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? ராகமா காரணம்?
– வாசகர், பண்ருட்டி

பதில்: ராகத்துக்குப் பெரும் பங்கு. பாட்டின் ராகம் மாஞ்சி; அது பைரவிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. அதிலேயே சியாமா சாஸ்திரியின் ‘ப்ரோவவம்மா’ உண்டு. ஆனால் இந்த ராகத்தில் புழங்கும் உருப்படிகள் கொஞ்சம்தான். எனவே ரசிகர்கள் பலர் மாஞ்சியை ‘வருகலாமோ ராகம்’ என்றே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். சௌக்க காலம், ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நிதானித்து, அடுத்த அடி வைக்கலாமா என்று யோசித்து நகரும் நடை. வாசலில் நிற்கிறவன் காலடி அப்படித்தானே இருக்கும்? பாடுகிறவர் கையில் பிருகா நிறைய இருந்தால் இந்தப் பாட்டு கெட்டுப்போகும். அதைக் கச்சேரியில் கேட்டு நொந்திருக்கிறேன்.

இன்னொன்று, பாட்டு முழுக்கக் கேள்விதான். பதில் பாட்டுக்குள் இல்லை. இறைவன் ‘வா’ என்றதாகவும் இல்லை, ‘வராதே’ என்றதாகவும் இல்லை. எத்தனை முறை பாடினாலும் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

நந்தனார் சரித்திர மெட்டுகளின் வீச்சு இந்தப் பாட்டோடு நிற்கவில்லை. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் கதாகாலட்சேபத்தில் நந்தன் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதி சுதேசி இயக்கம் சூடாக இருந்த நாளில் தம் அரசியல் பாட்டுகள் சிலவற்றை நந்தனார் சரித்திர மெட்டிலேயே கட்டினார். ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டு என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் சினிமா. 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேடம் போட்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். வேதியர், மகாராஜபுரம் விசுவநாதய்யர்! கல்கி அந்தப் படத்தை ‘ஆனந்த விகட’னில் வறுத்தெடுத்தார். 1942இல் ஜெமினி ‘நந்தனார்’ எடுத்தது. எம்.எம்.தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர். படம் பிரமாத வெற்றி. அதற்கு முந்தைய வருஷம்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடந்திருந்தது. மேடையில் தமிழ்ப் பாட்டே பாடக்கூடாதா என்று கேட்டவர்களுக்குக் கோபாலகிருஷ்ண பாரதியார் கைகொடுத்தார். தேசிகர் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியரானார்.

கேள்வி: இந்தப் பாட்டு எங்களை இழிவுபடுத்துகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். பழைய பாட்டின் மேல் இந்தக் காலத்துக் கோபத்தைக் காட்டுவது நியாயமா?
– வாசகர், காட்டுமன்னார்கோவில்

பதில்: இந்தக் காலத்துக் கோபம் என்று யார் சொன்னது? நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிற கோபம் இது. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைத் தீக்குளித்த பக்தனாக ஏற்கவே இல்லை; அவர் எழுதிய நந்தன் பௌத்த மன்னன். 1934இல் புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ என்ற கதையை அதே ஆதனூரில் நடத்திக் காட்டினார். இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகத்தில் அந்தத் தீ இறைவன் மூட்டியதில்லை, மனிதர்கள் சேர்ந்து போட்ட சதி.

மேல்நாட்டிலும் ஊரை இரண்டாக்கிய பாட்டுகள் உண்டு. லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ 1971இல் வந்தது. உயிரைக் கொடுத்து ரசிப்பவர்கள் ஒரு பக்கம், கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது என்பவர்கள் மறுபக்கம். பாடிய ராபர்ட் பிளான்ட்டே அதில் சலித்துப்போனவர். ஆனால் அது ருசிச் சண்டை. பிடிக்காதவர் ரேடியோவைத் திருப்பிவிட்டுப் போய்விடலாம். ‘வருகலாமோ’ சண்டை மானத்தைப் பற்றியது. அந்தப் பாட்டில் நந்தன் தன் பிறப்பையே தன் குறையாகச் சொல்லி நொந்துகொள்ளும் இடம் இருக்கிறது. கதவைச் சாத்தியவர்களை விட்டுவிட்டு வெளியே நிற்கிறவன் தன்னைத்தானே குற்றம் சொல்வதை, அந்தக் கதவுக்கு வெளியே நின்ற குடும்பத்துப் பிள்ளை எப்படி ரசிப்பான்?

அதே நேரம், நந்தனாரை விட்டுக்கொடுக்காத தலித் தலைவர்களும் உண்டு. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகம் தொடங்கி, சேரிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். கோயில் நுழைவுக்கும் குரல் கொடுத்தார், சட்டசபைக்கும் போனார். காந்தியும் தம் பேச்சுகளில் நந்தனாரை எடுத்துக்காட்டினார். அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றம் பற்றி 1948இல் எழுதிய ஆங்கில நூலை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? ரவிதாசர், சோகாமேளர், அவர்களோடு நம் நந்தனாருக்கு. எதிர்ப்பு பெரும்பாலும் நந்தனார் மேல் இல்லை. அவரை எந்தத் தோரணையில் நிற்கவைக்கிறோம் என்பதன் மேல்தான்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பாட்டை நிறுத்தவேண்டாம். கச்சேரி மேடைதான் அதற்கு ஒரு அநியாயம் செய்தது. வயலை வெட்டிவிட்டது, வேதியரை வெட்டிவிட்டது, மாஞ்சியை மட்டும் பன்னீர் தெளித்து எடுத்து வைத்துக்கொண்டது. கேட்டவர்கள் உருகி, காபி குடிக்க எழுந்துபோனார்கள். நாற்பது வேலிக் கதையோடு சேர்த்துப் பாடினால், யார் யாரிடம் எதற்காக அனுமதி கேட்கிறார்கள் என்பது சபைக்குப் புரியும். அப்போது அது வேறு பாட்டு.

கேள்வி: இதற்கு எதிர்ப்பாட்டு என்று ஏதாவது உண்டா?
– வாசகர், நெய்வேலி

பதில்: உண்டு, அதுவும் அட்டகாசமானது. 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் என்.எஸ்.கிருஷ்ணன் நடத்தும் ‘கிந்தனார்’ காலட்சேபம். கதை வசனம் அண்ணா. காலட்சேபம் எழுதியவர் உடுமலை நாராயணகவி. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான்; கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். அதே காலட்சேபப் பாணி, அதே ஜால்ரா. தீக்குழி மட்டும் கிடையாது. அதற்குப் பதில் பரீட்சை.

செம்மங்குப்பம் அம்மா, மார்கழித் திருவாதிரைக்கு எப்படியும் சிதம்பரம் போவீர்கள். கடலூரில் ரயிலேறினால் ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டி வந்துவிடும். தரிசனம் முடிந்ததும் தாத்தாவையும் பேரனையும் ஓமக்குளம் பக்கம் அழைத்துப்போங்கள். நந்தனார் தீயில் மூழ்கிய இடம் என்று ஊரார் சொல்வது அதைத்தான். சகஜானந்தர் நடத்திய நந்தனார் பள்ளியையும் காட்டுங்கள். திரும்பும்போது வண்டியில் ‘கிந்தனா’ரைப் பேரன் போடட்டும், ‘வருகலாமோ’வைத் தாத்தா போடட்டும். ஒரே ஒரு நிபந்தனை, இரண்டு பேரும் மற்றவர் பாட்டை முழுசாகக் கேட்கவேண்டும்.