எங்கள் தாமானுக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்தைத் தொண்டூழியர்களே நடத்துகிறோம். சந்தா, கணக்கு, புகார்களைக் கவனிக்க எந்த மென்பொருள் வாங்கலாம்?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: முதலில் உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள். சந்தையில் உள்ள பல செயலிகள் அடுக்குமாடிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி, அங்கே பராமரிப்புக் கட்டணம் கட்டாயம்; தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டியும் விதிக்கலாம். தரைவீட்டுத் தாமான் சங்கமோ 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவாவது. சந்தா கட்டுவது வீட்டாரின் விருப்பம். வட்டி கணக்கிடும் வசதிக்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

உங்களுக்கு உண்மையில் தேவை, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பவேண்டிய ஆண்டறிக்கைக்கு ஒழுங்கான கணக்கு. ஆகவே, விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: பொருளாளர் மாறினால், செயலிக்கான சந்தாவை நிறுத்தினால், எங்கள் பதிவுகள் முழுவதையும் எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா? தயங்கினால் வாங்காதீர்கள். வாட்ஸ்அப் குழு போதாதா என்பார்கள். அறிவிப்புக்குப் போதும், யார் எந்த மாதம் கட்டினார் என்பது அங்கே நூறு வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் போய்விடும். முதியவர்களுக்குச் செயலி வராது என்பது நியாயமான கவலை. அவர்களிடம் ரொக்கம் வாங்கி, ரசீது கொடுத்து, நீங்களே பதிவு செய்யுங்கள். சங்கத்தின் பெயரில் மின்னஞ்சல், இருவரிடம் கடவுச்சொல், ஒரு எக்செல் கோப்பு: சிறிய தாமானுக்கு இந்த ஆண்டு இதுவே போதும்.