மீட்டர் சரி, ஆண்டெனா?

ஹாம் வானொலிக்காரர்கள் இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு, அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைக்கு, வீட்டிலேயே செய்துகொள்ளும் திசை ஆண்டெனா பெரும்பாலும் மூன்று கம்பி யாகிதான். ஜப்பானின் செண்டாய் நகரில் 1926-இல் உடாவும் யாகியும் வெளியிட்ட வடிவம் அது. உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது; பேர் யாகிக்குப் போய்விட்டது. செய்ய எளிது. ஆனால் அதைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகள் லேசில் போவதில்லை.

நம்பிக்கை: அலுமினியக் குழாய் இல்லாமல் யாகி கிடையாது.

தச்சர் வைத்திருக்கும் ஓர் அங்குல அகல எஃகு டேப் போதும். அதை வெட்டி பி.வி.சி. குழாயில் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டியதுதான். பலரும் பின்பற்றும் அளவில் பின்கம்பி சுமார் 105 செ.மீ., முன்கம்பி 89 செ.மீ. நீளமும் இடைவெளியும் சரியாக இருந்தால் உலோகம் பெரிய பொருட்டல்ல. கேபிளைப் பற்றவைக்கும் இடத்தில் மட்டும் டேப்பின் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஈயம் பிடிக்காது.

நம்பிக்கை: யாகி சக்தியைக் கூட்டும்.

ஐந்து வாட் என்றைக்கும் ஐந்து வாட்தான். நாலாபக்கமும் போவதை யாகி ஒரு பக்கம் குவிக்கிறது. முன்னால் இருப்பவருக்குச் சாதாரண ஒற்றைக்கம்பி ஆண்டெனாவான டைபோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கிடைக்கும். பின்னால் இருப்பவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினிக்காக மொட்டைமாடியில் ஆண்டெனாவைத் திருப்பிய தென்கடலோரக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1:1 காட்டினால் ஆண்டெனா பிரமாதம்.

இதுதான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. மீட்டர் சொல்வது ஒன்றே ஒன்று: போன சக்தியில் எவ்வளவு திரும்பி வந்தது. திரும்பாதது எல்லாம் காற்றில் போனது என்று யார் சொன்னது? ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் டம்மி லோடும் 1:1 காட்டும். அது சூடாகுமே தவிர ஒரு சொல்லையும் தெருமுனைக்குக் கொண்டுபோகாது. 2:1 காட்டினால் பதறுபவர்கள் உண்டு. அப்போது திரும்புவது சுமார் 11 சதவீதம்தான்.

கேபிளின் குறும்பு இன்னும் மோசம். ஆர்.ஜி.-58 போன்ற மெல்லிய கேபிளை 30 மீட்டர் இழுத்தால், இந்த அலைவரிசையில் மேலே போய்ச் சேருவது ஏறக்குறைய கால்வாசிதான். திரும்பி வருவதும் வழியில் அதே அளவு தேய்கிறது. ஆகவே மேலே ஆண்டெனா கழன்று விழுந்திருந்தாலும், கீழே மீட்டர் 1.7 அளவில் நின்று நல்லபிள்ளையாகச் சிரிக்கும். மீட்டரை ஆண்டெனாவின் காலடியில் வைத்துப் பாருங்கள்.

அதைவிட நல்ல சோதனை காதுதான். தொலைவிலுள்ள ரிப்பீட்டரை, அதாவது மறுஒலிபரப்பு நிலையத்தை, கேட்டபடி ஆண்டெனாவைச் சுற்றுங்கள். முன்பக்கம் தெளிவாகவும், பின்பக்கம் இரைச்சலோடும் கேட்க வேண்டும். ரிப்பீட்டர் ஆண்டெனாக்கள் செங்குத்தாக நிற்பதால், உங்கள் கம்பிகளைப் படுக்கைவாட்டில் திருப்பினாலும் இரைச்சல் சட்டென்று ஏற வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி கேட்டால், அலையை வாங்குவது கேபிளின் வெளிப்பின்னலாக இருக்கலாம். அதைத் தடுக்க, ஆண்டெனா இணைப்புக்கு அருகிலேயே கேபிளை ஐந்தாறு சுற்று சுருட்டிக் கட்டிவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள்.