பொன்வண்டை அடையாளம் காணும் முறை

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரங்களின் முட்புதர்க் காடுகளில் மழைக்காலத்தில் வேல மரங்களின் இலைகளை நாடிவரும் பொன்வண்டைத் தேடுவோர் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். ஏனெனில், செடிச்சாற்றை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளிலும் கரும்புள்ளிகளுடன் பச்சையாக மின்னுபவை உண்டு.

முதலில் முதுகைப் பார்க்க வேண்டும். வண்டில், கெட்டிப்பட்ட முன்னிறகுகளான இரு இறகுறைகள் நடுமுதுகில் நேர்கோடாகச் சந்திக்கும். மின்னும் நாவாய்ப்பூச்சியின் முதுகையோ கோடில்லாத ஒற்றைக் கவசமே மூடியிருக்கும். பின்முனை நோக்கிக் குறுகும் உடலும் ரம்பப்பல் போன்ற குட்டையான உணர்கொம்புகளும் பொன்வண்டுக் குடும்பத்துக்குரியவை. இதன் ஸ்டெர்னோசெரா பேரினத்தில், பச்சை இறகுறையில் வெளிர்மஞ்சள் புள்ளிக்குழிகள் கொண்ட இனமும், செம்பழுப்பு இறகுறையும் பச்சை முன்மார்பும் கொண்ட இனமும் தென்னிந்தியாவில் காணப்படுகின்றன.

இம்மினுமினுப்பு சாயத்தால் வருவதன்று. உறையின் நுண்ணடுக்குகள் ஒளியை எதிரொளிப்பதால் தோன்றுவது. ஆகவே பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் சற்று மாறும் என்பதால் மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்து, அமர்ந்திருந்த செடியையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. வண்டு இறந்த பின்னும் அந்நிறம் மங்குவதில்லை. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இறகுறையே பெரும்பாலும் அடையாளத்துக்குப் போதும். தீப்பெட்டியில் அடைத்து வளர்க்கும் பழைய சிறார் வழக்கத்தைக் கைவிடுவதே முறை. இப்பகுதியில் 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் எதையும் சேகரிக்க வனத்துறையின் அனுமதி தேவை.