தொட்டியில் கள்ளி வளர்ப்பு

நம் வீடுகளில் தொட்டியில் வளர்க்கும் முட்கள்ளிகள் நீரின்றி மடிவதைக் காட்டிலும், நீர் மிகுந்து மடிவதே அதிகம். அமெரிக்கக் கண்டங்களுக்குரிய இச்செடிகளிற் பெரும்பாலானவை வறண்ட நிலத்தில் தோன்றியவை. பருத்த தண்டில் நீரைச் சேமித்து வைப்பவை. தண்டின் நுண்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறப்பதால், நீர் ஆவியாகி வீணாவதும் குறைவு.

ஈரம் வடியாத மண்ணில் இவற்றின் வேர் அழுகும். வேர் அழுகிய செடி நீரை உறிஞ்ச இயலாமற் சுருங்கும். அதனைத் தாகமென்று எண்ணி மேலும் நீர் வார்த்தால் செடி பிழைக்காது.

ஆதலின், அடியில் துளையுள்ள மண்தொட்டியையே கொள்வோம். தோட்டமண் ஒரு பங்கு, ஆற்றுப் பருமணல் ஒரு பங்கு, பொடித்த செங்கல் அரைப் பங்கு கலந்து இடுவோம். விரலை உள்ளே செலுத்திப் பார்த்து, ஈரம் அறவே இல்லையெனில் மட்டும் நிறைய நீர் வார்த்து வடியவிடுவோம். அடைமழை நாட்களில் வெளிச்சமுள்ள தாழ்வாரத்தில் வைப்போம்.

அடித்தண்டு கருத்து இளகினால், தாமதியாது அழுகிய பகுதி முழுவதையும் கூரிய கத்தியால் அறுத்து நீக்க வேண்டும். நல்ல பகுதியை ஒரு வாரம் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் புதுமண்ணில் நடலாம். வேர் விடும்வரை நீரை மிகச் சிக்கனமாகத் தெளித்தலே நலம்.